பாலாற்று மணலில் பனிமலைப் பயிற்சி

பயணம் – கேள்வி பதில்

காஞ்சிபுரத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பல, நண்பர்கள் சேர்ந்து பனிமலையில் ஸ்னோமொபைல் ஓட்டப் போவது பற்றியவை. எங்கே போவது, எப்போது போவது, எதைக் கற்றுக்கொண்டு போவது என்று கேட்டவர்களில் எட்டுப் பேருக்கு இங்கே பதில்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், பள்ளிக்கூட நாளிலிருந்து ஒன்றாகச் சுற்றுகிறவர்கள். இருவர் தறி நெய்கிறோம், ஒருவர் ஜரிகை வியாபாரம், மற்ற இருவருக்கு ஒரகடத்தில் வேலை. தடமே இல்லாத மலைச்சரிவில் ஸ்னோமொபைலில் சீறி ஏறும் வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து ஆசை விடவில்லை. இந்தியாவில் எங்கே போகலாம்?
– ஐந்து நண்பர்கள், பிள்ளையார்பாளையம்

பதில்: ஸ்னோமொபைல் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. குல்மார்க்கிலும் மணாலிக்கு அருகே சோலாங் பள்ளத்தாக்கிலும் சுற்றுலாப் பயணிகள் ஏறுவது, பெரும்பாலும் உள்ளூர் ஓட்டுநர் துணையோடு, மிதித்து இறுகிய பனியில் ஒரு குறுகிய சுற்று. 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் திறந்த பிறகு, அதற்கு அப்பால் லாஹௌலில் உள்ள சிஸ்ஸு பக்கமும் குளிர்காலக் கூட்டம் போகத் தொடங்கியது. வீடியோவில் வருவது இதுவல்ல. அது தடம் போடாத ஆழப்பனியில், நீளமான பட்டையும் ஆழமான பற்களும் கொண்ட தனிவகை எந்திரத்தில், பயிற்சி பெற்றவர்கள் செய்யும் மலையேற்றம். அதற்குப் பெயர் பெற்ற இடங்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவல்ஸ்டோக் போன்ற மலையூர்கள்.

எந்திரம் பிறந்ததும் கனடாவில்தான். கியூபெக்கின் வால்கூர் ஊரில் 1934 குளிர்காலத்தில் ஜோசப் அர்மான் பொம்பார்டியேவின் சிறு மகன் நோயுற்றான். சாலைகள் பனியில் மூடிக்கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் குழந்தை இறந்தது. பனிமேல் ஓடும் வண்டியை உருவாக்க முன்பே முயன்றுவந்த அந்த மெக்கானிக், 1937-ல் பட்டை பொருத்திய ஏழு இருக்கை வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஒருவர் இருவர் ஏறும் சிறிய ஸ்கி-டூ 1959-ல் வந்தது. இந்தியாவில் இந்த எந்திரத்தை உல்லாசத்துக்காக இல்லாமல் ஓட்டுவது ராணுவம். சியாச்சின் பனியாற்றில் ஆளையும் சரக்கையும் கொண்டுசேர்க்க ஸ்னோ ஸ்கூட்டர்கள் ஓடுகின்றன.

ஆகவே முதல் பருவத்துக்குக் குல்மார்க் பொருத்தம். எந்திரத்தில் உட்கார்ந்து பழகலாம். ரோப்வேயில் ஏறி உயர்ந்த மலை எப்படியிருக்கும் என்று பார்க்கலாம். 1968-ல் மத்திய அரசு அங்கே நிறுவிய இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் பனியில் நிற்கவும் நகரவும் கற்கலாம். தடமில்லாத மலை இரண்டாவது, மூன்றாவது பருவத்துக்கு.

கேள்வி: தை முகூர்த்தத்துக்குச் சேலை கொடுத்து முடிக்கும் வரை தறியை விட்டு எழ முடியாது. மாசியில் போனால் பனி இருக்குமா?
– நெசவாளர், சின்ன காஞ்சிபுரம்

பதில்: இருக்கும். சொல்லப்போனால் அதுவே நல்ல காலம். காஷ்மீரில் டிசம்பர் 21-ல் தொடங்கும் கடுங்குளிரின் 40 நாட்களைச் ‘சில்லாய் கலான்’ என்கிறார்கள். நம் மார்கழியின் முதல் வாரத்தில் தொடங்கித் தையின் பாதி வரை அது ஓடும். அதன் பின் 20 நாள், 10 நாள் என்று குளிர் படிப்படியாகத் தணியும். பனி கொட்டும் என்று நம்பி ஜனவரிக்கே டிக்கெட் போடுவது இப்போது நிச்சயமில்லாத கணக்கு. 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் பனியின்றி மண்ணாகக் கிடந்தன. பிப்ரவரியில்தான் நன்றாகப் பொழிந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

மத்தியதரைக்கடல் பக்கமிருந்து கிளம்பி வரும் மேற்கத்திய காற்றழுத்தச் சலனங்களே இமயத்தின் குளிர்காலப் பனிக்குக் காரணம். அவை தாமதித்தால் பருவமும் தாமதிக்கும். மாசியில் தேதியைக் குறித்து, முன்பின் நான்கைந்து நாள் கைவசம் வைத்துக்கொள்வது நல்லது. பனி கொட்டி முடிந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் மலை மிக அழகாக இருக்கும். மிக ஆபத்தாக இருப்பதும் அதே இரண்டு நாள்தான். அந்த நாட்களில் செங்குத்தான சரிவுகளை விட்டு விலகியிருக்க வேண்டும்.

கேள்வி: பனிச்சரிவு வந்தால் ஸ்னோமொபைலின் வேகத்தில் தப்பித்துவிடலாம் என்கிறான் என் நண்பன். உண்மையா?
– கல்லூரி மாணவர், ஓரிக்கை

பதில்: இல்லை. பனிச்சரிவு என்றால் எங்கோ உச்சியிலிருந்து உருண்டு வருவது என்று பலர் நினைக்கிறார்கள். உயிரைக் குடிக்கும் சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை சிக்கியவரோ அவர் கூட்டாளியோ கிளப்பிவிட்டவை. பருவத் தொடக்கத்தில் மெல்லிய பனி விழுந்து, பிறகு வானம் தெளிந்து குளிர் நீண்டால், அடியில் உள்ள பனி ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய படிகங்களாக மாறிவிடும். அதன்மேல் புதுப்பனியும் காற்று வாரிக்கொட்டிய பனியும் இறுகிய பாளமாகப் படியும். 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள எந்திரம் அந்தப் பாளத்தின் பலவீனமான இடத்தை அழுத்தினால், முழுப் பாளமும் நொடியில் விரிசல் விட்டுக் கிளம்பும். ஓட்டுபவர் அப்போது அதன் நடுவில் இருப்பார். எந்தத் திசையில் முறுக்கினாலும் தரையே நகர்ந்துகொண்டிருக்கும்.

30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் இது அதிகம் நடக்கிறது. வீட்டு மாடிப்படியின் சாய்வே ஏறக்குறைய 30, 35 டிகிரி வரும். சாய்வை அளக்கும் செயலியை மொபைலில் ஏற்றி, ஊரில் உள்ள படிகளையும் ஏரிக்கரைகளையும் அளந்து பார்த்தால், எது ஆபத்தான சாய்வு என்று கண்ணுக்குப் பழகும்.

நண்பர்கள் கூட்டமாகப் போவதே ஆபத்தைக் கூட்டும் சந்தர்ப்பமும் உண்டு. 2008 டிசம்பர் 28 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்பார்வுட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர்ப் பக்கத்து நண்பர்கள் 11 பேர் ஹார்வி பாஸ் பகுதியில் ஸ்னோமொபைல் ஓட்டினார்கள். முதல் சரிவில் புதைந்தவர்களை மற்றவர்கள் தோண்டிக்கொண்டிருந்தபோதே அடுத்த சரிவு இறங்கியது. 8 பேர் இறந்தனர். 2010 மார்ச் 13 அன்று ரெவல்ஸ்டோக் அருகே போல்டர் மலையில் ஏறக்குறைய 200 பேர் கூடியிருந்தார்கள். சிலர் சரிவில் உயர உயர ஏறிக் காட்ட, மற்றவர்கள் அடிவாரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சரிவு அந்தக் கூட்டத்தின் மேலேயே விழுந்தது. இருவர் இறந்தனர், 30 பேருக்கு மேல் காயம்.

குல்மார்க்கிலும் இது புதிதல்ல. 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத் மலையில் போலந்துப் பனிச்சறுக்கு வீரர்கள் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டுக்கு மறக்க முடியாத நிகழ்வு 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் நடந்தது. 19,000 அடிக்கு மேல் இருந்த சோனம் காவல்நிலையில் 19-வது மெட்ராஸ் பட்டாலியனின் 10 வீரர்கள் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழர்கள். ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்ட கர்நாடகத்தின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத், பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்தார். பயிற்சியும் ஒழுங்கும் மிகுந்த ராணுவத்தாலும் பனியை வெல்ல முடிவதில்லை என்பதை விடுமுறைக்குப் போகிறவர்கள் மனதில் இருத்த வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் நாங்கள் என்னதான் கற்றுக்கொள்ள வேண்டும்? பனியே இல்லாத ஊரில் இருந்துகொண்டு எப்படிப் பழகுவது?
– செவிலிமேடு

பதில்: இந்த மாதம் வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இது. பனியில் புதைந்தவர் பிழைப்பது பெரும்பாலும் முதல் 10, 15 நிமிடங்களில் தோண்டி எடுக்கப்பட்டால்தான். அதன் பிறகு மூச்சுத் திணறலால் வாய்ப்பு செங்குத்தாகச் சரிகிறது. ராணுவமோ போலீசோ மீட்புக் குழுவோ அந்த நேரத்துக்குள் வந்து சேர வழியில்லை. பக்கத்தில் நிற்கும் நண்பன்தான் மீட்புக் குழு. அவனுக்குத் தோண்டத் தெரிந்திருந்தால் நீங்கள் பிழைக்கலாம். உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவன் பிழைக்கலாம்.

ஒவ்வொருவரும் மூன்று பொருளைச் சுமக்க வேண்டும். முதலாவது, 457 கிலோஹெர்ட்ஸில் சைகை அனுப்பவும் வாங்கவும் செய்யும் டிரான்சீவர். பேச்சில் ‘பீக்கன்’ என்பார்கள். அதை உடம்பில் கட்டியிருக்க வேண்டும், எந்திரத்தின் பெட்டியில் வைக்கக் கூடாது, ஏனென்றால் சரிவில் எந்திரமும் ஆளும் பிரிந்துபோக நேரும். இரண்டாவது, மடக்கி எடுத்துச் செல்லும் நீண்ட துழாவு கம்பி. மூன்றாவது, உலோகத் தகடு கொண்ட மண்வெட்டி. அதுவும் கம்பியும் முதுகுப்பையில் இருக்கட்டும்.

பழகுவதற்குப் பாலாறு இருக்கிறது. ஆண்டில் பல மாதங்கள் வறண்டு கிடக்கும் அந்த அகன்ற மணற்பரப்பு நல்ல பயிற்சிக்களம். மலையில் ஆளுக்கொன்று வேண்டும் என்றாலும், பயிற்சிக்கு ஐந்து பேரும் பணம் போட்டு இரண்டு டிரான்சீவர் வாங்கினால் போதும். ஒன்றை அனுப்பும் நிலையில் வைத்து, பையில் போட்டு, ஒரு முழ ஆழத்தில் புதைத்து, மேல்மணலைச் சமப்படுத்திவிட வேண்டும். புதைத்த இடம் தெரியாத ஒருவர் மற்றொன்றைத் தேடும் நிலைக்கு மாற்றித் தேட வேண்டும். திரையில் தூரம் குறையக் குறைய வேகத்தைக் குறைத்து, கடைசி மூன்று மீட்டரில் கருவியைத் தரையை ஒட்டிப் பிடித்து, மிகக் குறைந்த எண் எங்கே காட்டுகிறது என்று குறுக்கும் நெடுக்கும் பார்க்க வேண்டும். அங்கிருந்து 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுற்றிச் சுற்றிக் கம்பியை இறக்க வேண்டும். பை தட்டுப்பட்டதும் கம்பியை எடுக்காமல் அப்படியே விட்டு, சரிவின் கீழ்ப்பக்கம் சற்றுத் தள்ளி நின்று தோண்ட வேண்டும். நேர் மேலே நின்று தோண்டினால் புதைந்தவரின் மூச்சுக்கு உள்ள காற்றிடம் நசுங்கிவிடும்.

சரிந்து நின்ற பனி சிமெண்ட் போல் இறுகும் என்பதால், தோண்டுவதற்கே அதிக நேரம் பிடிக்கும். ஒருவர் வெட்ட, பின்னால் இருவர் வாரித்தள்ள, ஒரு நிமிடத்துக்கொருமுறை ஆளை மாற்றிப் பழக வேண்டும். ஐவரும் தேடும் வேலையையும் தோண்டும் வேலையையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். ‘நம்மில் இவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும்’ என்று ஒருவனிடம் விட்டால், புதைபவன் அவனாகவே இருக்கக்கூடும்.

மலையில் விதிகள் எளியவை. செங்குத்துச் சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். மற்றவர்கள் சரிவு வந்து விழாத இடத்தில், எந்திரத்தின் முகம் வெளியேறும் திசையில் இருக்க, அவரைப் பார்த்தபடி நிற்க வேண்டும். ஒருவர் பாதிச் சரிவில் மாட்டிக்கொண்டால் உதவிக்கு இன்னொரு எந்திரம் அங்கே ஏறக் கூடாது. ஐவரில் யாராவது ஒருவர் ‘வேண்டாம்’ என்றால், காரணம் கேட்காமல் ஐவரும் திரும்ப வேண்டும். இதை ஊரிலேயே பேசி முடித்துவிட்டுப் போக வேண்டும். மலையில் ஆசை முந்திக்கொள்ளும்.

அன்றன்றைய நிலவரத்துக்கு, டி.ஆர்.டி.ஓ.வின் பனிச்சரிவு ஆய்வுப் பிரிவு தரும் எச்சரிக்கைகள் மாவட்டவாரியாகவும் உயரவாரியாகவும் ஜம்மு காஷ்மீர் பேரிடர் மேலாண்மை ஆணையம் மூலம் வெளியாகின்றன. குல்மார்க் பாராமுல்லா மாவட்டத்தில் இருக்கிறது. காலைச் சாப்பாட்டுக்கு முன் அதைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: ஊரே பட்டு நெய்கிறது. பட்டு குளிர் தாங்கும் என்கிறார்களே, அதை உள்ளாடையாகப் போட்டுக்கொள்ளலாமா? எனக்கு விரல்தான் பிழைப்பு என்பதால் அந்தப் பயமும் இருக்கிறது.
– கோர்வைச் சேலை நெய்பவர், பிள்ளையார்பாளையம்

பதில்: போடலாம், ஆனால் தறியில் நெய்த துணியாக அல்ல. குளிர்ப் பிரதேசங்களில் விற்கும் பட்டு உள்ளாடை பின்னலாடை. உடம்பை ஒட்டி இழுபடும். மெல்லியதாக இருந்தும் வெப்பத்தைக் காக்கும். நனைந்தால் இழையின் வலு குறைவதால், வேர்த்துக்கொட்டி உழைக்கும் நாளில் மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ மேல். உடம்பை ஒட்டிப் பருத்தி பனியன் கூடவே கூடாது. பருத்தி வேர்வையைக் குடித்து ஈரமாகவே நின்று உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே பட்டோ கம்பளியோ, நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட் என மூன்றடுக்கு போதும்.

விரலைப் பற்றிய பயம் நியாயமானது. பட்டு இழையைத் தொட்டு உணரும் நுனி விரலில் உணர்ச்சி போனால் தொழிலே போய்விடும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 21 போல உறைக்கும். ஸ்னோமொபைலில் அந்தக் காற்றை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். மெல்லிய உட்கையுறை, அதன்மேல் நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் தடித்த உறை, பையில் காய்ந்த மாற்று ஒரு ஜோடி தேவை. புகைபிடித்தல் விரல் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் என்பதால் அந்த நாட்களிலாவது அதை விட வேண்டும்.

விரல் நுனி வெளிறி மரத்தால் உடனே அக்குளில் வைத்துச் சூடேற்றலாம். தேய்க்கக் கூடாது, பனியைத் தடவக் கூடாது. தோல் கட்டியாக இறுகிவிட்டால் அது உறைபனிக் காயம். மீண்டும் உறையாது என்று உறுதியான இடத்துக்கு வந்த பிறகே 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் அமிழ்த்தி, மருத்துவரிடம் போக வேண்டும். காங்கிரி என்னும் காஷ்மீரத் தணல் சட்டியிலோ அடுப்பிலோ மரத்த விரலைக் காட்டினால் சூடு தெரியாமல் வெந்துவிடும். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்குவதும் கூடாது. கார்பன் மோனாக்சைடு மணமின்றி ஆளைக் கொல்லும்.

கேள்வி: எனக்கு 46 வயது. நாள் முழுக்கக் குழித்தறியில் உட்கார்ந்தே வேலை. மலை உயரம் ஒத்துக்கொள்ளுமா?
– ஐயம்பேட்டை

பதில்: காஞ்சிபுரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 83 மீட்டர். குல்மார்க் 2,650 மீட்டர். அங்கிருந்து ரோப்வே முதல் கட்டமாகக் கொங்டூரிக்கும், இரண்டாம் கட்டமாக ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்துக்கும் சில நிமிடங்களில் ஏற்றிவிடும். 4,000 மீட்டர் அருகே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். முதல் இரவு ஸ்ரீநகரில், இரண்டாம் இரவு குல்மார்க்கில் தங்கி, மூன்றாம் நாள் மேலே போவது நிதானமான வழி. தலைவலியோடு குமட்டலோ தள்ளாட்டமோ வந்தால் மருந்து தேடுவதைவிடக் கீழே இறங்குவதே முதல் சிகிச்சை. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் இருப்பவர்கள் டிக்கெட் போடும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அசெட்டசோலமைடு மாத்திரையை நண்பர் சொன்னார் என்று போடக் கூடாது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சிக்கல் தரலாம்.

உடம்பைத் தயார்செய்ய மூன்று மாதம் வேண்டும். ஆழப்பனியில் எந்திரத்தை நின்றுகொண்டே உடம்பைச் சாய்த்துத்தான் திருப்ப முடியும். புதைந்த எந்திரத்தைத் தோண்டி இழுப்பதும் சேர்ந்துகொள்ளும். தினமும் வேகநடை, வாரத்தில் சில நாள் தொடைக்கும் முதுகுக்கும் பயிற்சி, மாதம் ஒருமுறையாவது சோளிங்கர் மலை என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே இப்போது ரோப் கார் ஓடுகிறது. அதை விட்டுவிட்டு 1,300 படியையும் முதுகில் சுமையோடு ஏறி இறங்க வேண்டும்.

கேள்வி: நான் டூவீலர் மெக்கானிக். ஆர்.எக்ஸ். 100 நிறையப் பிரித்துப் போட்டிருக்கிறேன். ஸ்னோமொபைலும் டூ ஸ்ட்ரோக் என்கிறார்கள். என்ன வித்தியாசம்? ஏறும் முன் எதைப் பார்க்க வேண்டும்?
– காந்தி ரோடு

பதில்: உங்கள் கைப்பழக்கம் குழுவுக்கே சொத்து. ஆர்.எக்ஸ். 100 தந்த யமஹா 1968 முதல் ஸ்னோமொபைலும் செய்துவந்தது; 2025 மாடலோடு நிறுத்துவதாக 2023-ல் அறிவித்தது. மலை எந்திரங்களில் பல இன்றும் டூ ஸ்ட்ரோக்தான், 850 சிசி அளவில். கியர் பெட்டி கிடையாது. ஸ்கூட்டரில் உள்ளதுபோல பெல்ட் ஓடும் வேரியேட்டர்தான்; அந்த பெல்ட் சூடேறி அறுந்தால் வண்டி அங்கேயே நிற்கும் என்பதால் மாற்று பெல்ட் கூடவே போகும். பட்டை வாரியிறைக்கும் பனிதான் குளிரூட்டியையும் அடிச்சறுக்குத் தகடுகளையும் ஆற்றுகிறது. வெறும் ஐஸ்கட்டியிலோ மண்ணிலோ வெகுதூரம் ஓட்டினால் எஞ்சின் சூடேறி, தகடு உருகும்.

டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். கார்புரேட்டர் வண்டியானால் காற்று மெலியும் உயரத்துக்கு ஏற்பச் சிறிய ஜெட் வேண்டும்.

சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் பருவத்துக்கு முன் பழைய பெட்ரோலை வடித்து, பெல்ட்டில் விரிசல், பட்டையின் இழுவிசையும் நேர்வரிசையும், ஸ்கியின் அடியில் உள்ள கார்பைடு கம்பி, கூலன்ட், பிரேக் ஆயில் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். கோடை முழுக்கச் சும்மா கிடந்த ஏர் பாக்ஸில் எலி கூடு கட்டியிருக்கும், அதையும் திறந்து பார்ப்பார்கள். வாடகை எந்திரத்தில் ஏறும் முன் ஒரு நிமிடப் பரிசோதனை போதும். எஞ்சினை உயிர்ப்பிக்கும் முன் த்ராட்டிலை அழுத்தி விட்டால் தானாகத் திரும்ப வேண்டும். ஈரம் உறைந்து மாட்டிக்கொள்வது உண்டு. பிரேக் பிடிக்க வேண்டும். ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடம்பில் மாட்ட வேண்டும். பட்டையில் பற்கள் கிழிந்திருந்தால் வேறு வண்டி கேட்க வேண்டும். தூரப் பயணத்தில் எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு தொடாமல் கையிருப்பு.

கேள்வி: என் மகனும் அவன் சிநேகிதர்களும் போகிறார்கள். தடுக்க மனமில்லை, நிம்மதியும் இல்லை. நான் அவனிடம் என்ன கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்?
– ஒரு தாய், பெரிய காஞ்சிபுரம்

பதில்: அம்மா, ஒரு தாளில் ஐந்து விவரம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த விடுதி, ஒவ்வொரு நாளும் எந்தப் பகுதி, கூட வரும் வழிகாட்டியின் எண், மாலை எத்தனை மணிக்குள் திரும்பிப் பேசுவான், அந்த நேரம் தாண்டினால் நீங்கள் முதலில் யாரை அழைக்க வேண்டும். அவசர எண் அங்கும் 112-தான்.

வேறு மாநிலத்து ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். ஐவரில் இருவராவது வெவ்வேறு நிறுவனத்தின் போஸ்ட்பெய்டு எண் வைத்திருக்கட்டும். வெளிநாட்டு உறவினர் மூலம் சாட்டிலைட் போனோ, சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் கருவியோ வாங்கிப் போக நினைத்தால் தடுங்கள். அரசு அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். அதற்காக விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் உண்டு. பயணக் காப்பீட்டில் பனி விளையாட்டும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்குமா என்று பாலிசியை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல சாதாரணப் பாலிசிகள் இரண்டையும் விலக்கியே வைத்திருக்கும்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலாற்றில் அவர்கள் பயிற்சி செய்யும்போது போய்ப் பாருங்கள். புதைத்த பையை ஐந்து பேரில் யார் தேடினாலும், புதைத்த நேரத்திலிருந்து 10 நிமிடத்துக்குள் வெளியே எடுக்க முடிகிறதா என்று கடிகாரம் பிடியுங்கள். முடியவில்லை என்றால், இந்தப் பருவம் ரோப்வேயும் ஓட்டுநரோடு ஒரு சுற்றும் போதும், அடுத்த மாசிக்கு மலை பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களிடம் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.